கோடு போட்ட மூன்று நாள்கள்

குருவிமலைத் தேயிலைத் தோட்டத்து அபாயச் சங்கு எப்போது ஊத வேண்டும் என்று முடிவு செய்தவள் சர்மிளாதான். கொழும்பில், ஏசிக் குளிரில், தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு எழுதினாள்: இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நூற்றைம்பது மில்லிமீற்றர் மழை பெய்தால் ஊது, அதற்குக் குறைந்தால் வாயை மூடிக்கொண்டிரு. இயந்திரத்துக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும். மனிதனிடம் என்றால் "பார்த்துச் செய்யப்பா" என்று விட்டுவிடலாம். இயந்திரத்திடம் அப்படிச் சொன்னால் அது பார்த்துக்கொண்டே இருக்கும், செய்யாது.

அவளுடைய உத்தியோகமே அதுதான். மென்பொருளை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். கருவி எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதி அவர்கள் கையில் கொடுப்பவள் இவள். அம்மாவுக்கு இது கடைசிவரை விளங்கவேயில்லை. "கம்பியூட்டர் வேலைங்கிற, ஆனா கம்பியூட்டர்ல செய்யிறது வேற ஆளுங்கிற. அப்ப நீ என்னதான்டி பண்ணுற?" என்று கேட்டுக் கேட்டே அந்த மனுஷி போய்ச் சேர்ந்தாள்.

மலைச்சரிவில் மழையை அளக்க ஒரு கருவி. அதற்குள்ளே ஒரு குட்டி வாளி. நிறைந்தால் தானாகக் கவிழும். எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ணி, அந்த எண்ணிக்கை எல்லையைத் தொட்டதும் பிள்ளைக்காம்பராக் கூரையில் கட்டிய சங்கு ஊதும். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது; ஊருக்கு நடுவில் இருக்கிறது. சங்கு ஊதினால் அஞ்சாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பன்னிரண்டு குடும்பமும் போட்டது போட்டபடி எதிர்மேட்டுப் பாடசாலைக்கு ஓட வேண்டும். மலை சரிவதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஆனால் அந்தக் கருவிக்கு மலையைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வாளிதான். வாளியையும் மலையையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்த ஒரு எண்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? தோட்டத்து ஆபிசில் பழைய மழைப் புத்தகங்கள் இருந்தன. நாற்பது வருடத்து மழை, ஒவ்வொரு நாள் காலையும் அளந்து எழுதியது. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, ஒரு மாதம் குந்தியிருந்து சர்மிளாவே கணினியில் ஏற்றினாள். பதினேழு வருடத்துக்கு முன், தீபாவளி முடிந்த புதன்கிழமை, மலை சரிந்து ஏழாம் நம்பர் லயம் மண்ணுக்குள் போனது. அந்தப் புதன்கிழமைக்கு நேரே எழுதியிருந்தது: நூற்று எண்பத்தாறு.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஏழாம் நம்பர் லயத்தின் மூன்றாவது காம்பரா வீட்டில்தான் பிரியந்தி இருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே குடை. சர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு நூற்று எண்பத்தாறைத் தட்டினாள். அதில் முப்பத்தாறைப் பாதுகாப்புக்காகக் கழித்து, எல்லை நூற்றைம்பது என்று எழுதினாள். மேலதிகாரி மேர்வின் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டிலிருந்து காசு கொடுக்கிறவர்களும் போட்டார்கள்.

திங்கட்கிழமை திறப்பு விழா. அதற்கு முதல் ஒத்திகை பார்க்கவென்று சனிக்கிழமை ஹட்டன் போய், அங்கிருந்து மஸ்கெலியா பஸ்சில் ஏறி, பாலத்தடியில் இறங்கி நடந்து வந்தாள். ஒத்திகை எப்போது என்பது அவள் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், நேரத்தைப் பிறகு சொல்கிறேன் என்று ஆபிசில் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஏறினாள்.

அக்கா கிருஷாந்தி இன்னும் அதே அஞ்சாம் நம்பர் லயத்தில்தான், அம்மா இருந்த அதே காம்பராவில் இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள், தங்கச்சியைக் கண்டால் திட்டுகிறாள்.

"என்னடி இது, ஒட்டகச்சிவிங்கி கணக்கா கழுத்து மட்டும் நீண்டு போயிருக்க? கொழும்புல சோறு போடுறாங்களா, இல்ல கம்பியூட்டரப் பாத்தே வயிறு நெறஞ்சிருதா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? தேத்தண்ணி குடுக்கா முதல்ல."

வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். கையில் ஒரு துண்டு கருப்பட்டி. மழை பிடித்துக்கொண்டது. இந்த மழைக்கு ஒரு வாசம் உண்டு. ஈரத் தேயிலை, விறகுப் புகை, நனைந்த கம்பளி எல்லாம் கலந்த வாசம். கொழும்பிலும்தான் மழை பெய்கிறது, என்ன பிரயோசனம்? சாக்கடைதான் மணக்கும். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவளுக்கு வயது குறைந்துகொண்டே போனது. பாடசாலைப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிரியந்தியும் அவளும் ஓடிவந்த பாதை அப்படியே எதிரே கிடந்தது. அட்டை கடித்தால் சவர்க்காரம் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளே பிரியந்திதான். அவளை நினைத்துச் சர்மிளாவுக்கு ஏக்கமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அவளுக்கு அப்படி ஒரு சிநேகிதி வாய்க்கவில்லை.

கிருஷாந்தி அடுப்புத் திட்டில் ஈர விறகை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். "எத வச்சாலும் காயமாட்டேங்குது. ஒனக்கு ஞாபகம் இருக்கா, அந்தத் தீவாளிக்கு நீயும் பிரியந்தியும் பட்டாசக் காயவைக்க பட்ட பாடு? மூணு நாளு! அடுப்புகிட்ட வச்சு, சட்டி மேல வச்சு, அம்மா வெளக்குமாத்த தூக்கிட்டு வந்து..."

"மூணு நாளா?"

"பின்ன? ஞாயித்துக்கிழம சாயங்காலம் புடிச்ச மழையில்ல அது. தீவாளி திங்கக்கிழம. எண்ண தேச்சு குளிச்ச தலகூட காயல. செவ்வாக்கிழமயும் விடல. புதன் காலையிலதான..." கிருஷாந்தி அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் புதன்கிழமையை அந்த லயத்தில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

சர்மிளா கோப்பையைக் கீழே வைத்தாள். மூன்று நாள் மழை. அவளும்தான் நனைந்தாள். ஆனால் அவள் கணினியில் அந்த ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு நேரே என்ன இருக்கிறது? கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தின் படத்தைத் தேடினாள். புதன்கிழமை நூற்று எண்பத்தாறு. அதற்கு மேலே மூன்று வரிசையில், நீல மையில், மூன்று சின்னக் கோடுகள்.

கோடுகளை அவள் பூச்சியம் என்று ஏற்றியிருந்தாள். கட்டத்தை வெறுமையாக விட்டால் மென்பொருள் கோபித்துக்கொள்ளும். ஏதாவது ஓர் எண் வேண்டும். பூச்சியத்தைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது புதன்கிழமையைப் பார்த்த கண் மேலே போகவேயில்லை. தான் தெப்பமாக நனைந்த தீபாவளிக்குத் தன் கையாலேயே "மழை இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறாள்! படித்த படிப்பு என்ன, வாங்கிய பட்டம் என்ன, சீ!

"அக்கா, அப்ப மழை அளந்தது யாரு?"

"செல்லசாமி மாமாதான். ஆபிசுல எடுபிடி வேல பாத்தாரே. மாட்டுப்பட்டி பக்கத்துல மக வீட்டுல இருக்காரு. ஏன்டி, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

சர்மிளா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

செல்லசாமி இஸ்தோப்பில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். காது மந்தம், அதனால் குரல் பெரிசு. கைபேசியை அவர் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள்.

"மாமா, இது உங்க கையெழுத்துதானுங்களே? இந்தக் கோடு என்னங்க மாமா?"

"கோடுன்னா கோடுதான். அளக்கலைன்னு அர்த்தம்!" என்று கத்தினார். "ஞாயித்துக்கிழம லீவு. தீவாளி லீவு. தீவாளிக்கு மக்கா நாளு எவன் வேலைக்கு வந்தான்? காலையில பேரு கூப்புடுற பெரட்டு பேருக்குத்தான், ஒரு குருவி வரல. நானும் போகல. லீவுல எவனாச்சும் போயி மழைய அளப்பானா? டப்பாவுல தண்ணி இருக்கும், வந்து மொத்தமா அளந்து எழுதுவேன். ஒவ்வொரு தீவாளிக்கும் அப்படித்தான், ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்படித்தான். தொரைக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டமே படுத்துக்கொள்ளும் என்பது லயத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? கொழும்புக்காரன் எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

"அப்ப இந்த நூத்தி எண்பத்தாறு..."

"நாலு நாளு தண்ணி." கிழவரின் குரல் முதல் தடவையாக இறங்கியது. உலக்கையைக் கீழே வைத்தார். "அன்னிக்கு வெள்ளனவே போயிட்டேன். டப்பாவ எடுத்தா கையில தாங்கல, அம்புட்டு கனம். அளக்குற கிளாசு சின்னது. நெறப்பி நெறப்பி ஊத்துனேன். இது என்னடா இது, முடியவே மாட்டேங்குதேன்னு இருந்துச்சு. தொரைகிட்ட ஓடிச் சொல்லணும்னு தோணுச்சு புள்ள. சத்தியமா தோணுச்சு. ஆனா எவ்வளவுன்னு கேப்பாரே! அளந்து முடிச்சிட்டு சொல்லுவோம்னு ஊத்திக்கிட்டே இருந்தேன். கடைசி கிளாசு கையில இருக்கும்போது மலை எறங்குற சத்தம் கேட்டுச்சு."

சர்மிளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்ய முடியும்? பதினேழு வருடமாக இந்த மனுஷன் அந்தக் கடைசி கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும் வழியிலேயே மேர்வினுக்குப் போன் எடுத்தாள். அந்தத் தீபாவளி மறுபடி வந்தால் நம் சங்கு ஊதாது என்று சொன்னாள். நாளுக்கு எழுபதோ எண்பதோ பெய்து, மூன்றாவது நாள் மலை வந்துவிடும். நம்முடைய கருவி நூற்றைம்பதுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

மேர்வின் மோசமான ஆள் இல்லை. அவரும் நானுஓயாப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். பெருமூச்சு விட்டார்.

"சர்மிளா, இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஒரு நாளைக்கு எழுபத்தஞ்சு, இல்லாட்டி மூணு நாளைக்கு நூறு. எது முதல்ல வருதோ அப்ப ஊதணும் சேர்."

"எழுபத்தஞ்சா? மஸ்கெலியாவுல அது சாதாரண மழை அம்மா! மழைக்காலத்துல மூணு நாலு தடவ ஊதும், மலை அசையாது. கொத்மலைப் பக்கம் நாம போட்டது ஞாபகமில்லையா? ஒரு மாசத்துல ஏழு தடவ சும்மா ஊதுச்சு, கடைசில சனமே ஏறி வயரப் புடுங்கிட்டாங்க. சும்மா ஊதுற சங்கும் ஊதாத சங்கும் ஒண்ணுதான். திங்கட்கிழமை திறக்கட்டும், அடுத்த தடவை பார்த்துத் திருத்துவம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அடுத்த தடவை என்பது எப்போது என்று மலையிடம் யார் கேட்டுச் சொல்வது? சர்மிளா அக்கா வீட்டுக்கு வந்து, போனைக் காதில் வைத்தபடியே இஸ்தோப்பில் ஏறினாள். கிருஷாந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாதிப் பேச்சைக் கேட்டாள். மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை.

"யாரு அது? குடு இப்படி," என்று போனைப் பிடுங்கினாள். "சேர், வணக்கங்க. நான் இவ அக்கா, அஞ்சாம் நம்பர் லயத்துல இருக்கேன். சும்மா ஓடுறதப் பத்தியா பேசுறீங்க? காலையில பெரட்டுச் சங்கு ஊதுனா மழையில போயி நிப்போம் சேர். ஒரு மணி நேரம் நின்ன பெறகு, இன்னைக்கு வேல இல்ல, திரும்பிப் போங்கன்னுவாங்க. நனஞ்சுகிட்டே வருவோம். எத்தன வருசம்! ஒருத்தருக்காகவும் சங்க நிறுத்தலையே? வேலைக்கு சும்மா ஓடுன நாங்க உசுருக்கு சும்மா ஓடமாட்டோமா? ஊதச் சொல்லுங்க. ஊதாம இருந்துறாதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மேர்வின் கேட்டார், "இத எழுத்துல குடுப்பாங்களாம்மா?"

சர்மிளாவின் ஆவணத்தில் ஒரு பகுதி உண்டு. மற்றவர்கள் அதைப் படிக்காமலே புரட்டிவிடுவார்கள். கருவிக்கு வெளியே, உலகத்தில் எதெல்லாம் உண்மை என்று நம்பி இதைச் செய்கிறோம் என்று எழுதுகிற பகுதி. சங்குச் சத்தம் கடைசிக் காம்பராவரை கேட்கும் என்று ஒரு வரி. பாடசாலைக் கதவு பூட்டாமல் இருக்கும் என்று ஒரு வரி. அன்று பின்னேரம் அக்காவும் தங்கையும் குடை பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கினார்கள். சிலர் கேலி செய்தார்கள். அழகம்மா என்ற மூதாட்டி, "நான் ஓடுனா எனக்கு முன்னாடி என் மூட்டு ஒடஞ்சிரும்டி, ஆனாலும் ஓடுறேன்," என்று பெருவிரலை மையில் அழுத்தினாள். பன்னிரண்டு பேரும் ஒப்பம் வைத்த தாளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, புதிய வரியைச் சேர்த்தாள்: "பலமுறை வீணாக ஓட நேர்ந்தாலும் சங்கு ஊத வேண்டும் என்று இம்மக்கள் விரும்புகிறார்கள்." ஏழு மணிக்கு மேர்வினிடமிருந்து ஒரு வரி வந்தது: எண்ணை மாற்றுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை மேசைக்குப் பதிலாக அரிசி மூட்டைமேல் கணினியை வைத்து, மூன்று பூச்சியங்களையும் அழித்தாள். மற்ற லீவு நாள்களைக் கொழும்பு போய்த் திருத்த வேண்டும். அது ஒரு மாத வேலை. நூற்று எண்பத்தாறை ஞாயிறு மாலையிலிருந்து புதன் காலைவரை பிரித்துப் போட்டாள். மணிக்கு மணி எவ்வளவு பெய்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் ஒரே சீராகப் பிரித்தாள்; திங்கட்கிழமை அதிகமாக வைத்துப் பார்த்தாள்; செவ்வாய்க்கிழமை அதிகமாக வைத்துப் பார்த்தாள். பழைய விதியில் ஒரு தடவைகூடச் சங்கு ஊதவில்லை. புதிய விதியில் ஒவ்வொரு தடவையும் ஊதியது. எல்லாவற்றிலும் பிந்தி ஊதியது செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் நம்பர் லயத்தில், மூன்றாவது காம்பராவில், பிரியந்தி வீட்டு அடுப்புக்கு முன்னால் பிரியந்தியோடு குந்தியிருந்தாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு பழைய தாளில் பட்டாசு. பிரியந்தியின் அம்மா அதிரசம் கொடுத்தாள்; ஓரம் கருகியது, ஆனாலும் என்ன ருசி! பிரியந்தி ஒரு வெடியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இன்னும் ஈரமா இருக்குடி. ராவுக்கு காஞ்சிரும். நாளைக்கு காலையில வா, ரெண்டு பேரும் சேந்து வெடிக்கலாம்." மறுநாள் காலையில் புறப்பட்ட சர்மிளாவைத்தான் அவள் அம்மா, முதலில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போ என்று பீலிக்கு அனுப்பினாள். குடம் பாதி நிறைவதற்குள் மலை இறங்கிவிட்டது.

ஆபிசிலிருந்து ஓர் ஆள் வந்து ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டான். "நாலு மணிக்கு," என்றாள் சர்மிளா.

நாலு மணிக்கு, புதிய எல்லைகளைக் கருவியில் ஏற்றிவிட்டு, அவள் அதற்குப் பக்கத்தில், சரிவில் நின்றாள். மழை விட்டிருந்தது. கையால் குவளை குவளையாகத் தண்ணீரை ஊற்றினாள். குட்டி வாளி டக் டக்கென்று கவிழ்ந்தது. எழுபத்தைந்தைத் தொட்டதும் கீழே பிள்ளைக்காம்பராக் கூரையிலிருந்து சங்கு அலறியது. அம்மாடி, என்ன சத்தம்! அஞ்சாம் நம்பர் லயத்திலிருந்து சனம் கொட்டியது. கைக்குழந்தையோடு ஒருத்தி, சோப்பு நுரைத் தலையோடு ஒருவன், மருமகன் முதுகில் அழகம்மா. இவள் நின்று நேரம் குறித்திருக்க வேண்டும், அதுதான் வேலை. ஆனால் கால் நிற்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். பாடசாலைக்குப் போகிற பாதை ஏழாம் நம்பர் லயம் இருந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. அங்கே இப்போது இடுப்பளவு மானாப்புல். அந்த இடத்துக்கு வந்ததும் பதினாலு வயதுப் பிள்ளைபோல், "வாடி! வாடி பிரியந்தி! சங்கு ஊதிருச்சு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினாள். சங்குச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பாடசாலை முற்றத்தில் கிருஷாந்தி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று பேர், ஒன்பது நிமிடம், ஒருவரும் மிச்சமில்லை. மூச்சு வாங்க வந்து நின்ற தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"என்னடி இது, இப்படி அழுவுற? ஒண்ணும் ஆகலடி. சும்மாதானே ஊதுச்சு."

"ஆமாக்கா," என்றாள் சர்மிளா. "சும்மாதான் ஊதுச்சு."